கல்லூரித் தற்காப்புக்கு யார் பொருத்தம்: என்எஃப்எல் மூத்தவரா, கல்லூரியிலேயே பழுத்தவரா, இளைய உதவியாளரா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆண்டுதோறும் ஜனவரி பிறந்தால் ஏதாவது ஒரு பெரிய அணியில் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் (எதிரணியைத் தடுக்கும் பிரிவின் பயிற்சித் தலைவர்) பதவி காலியாகும். காலியான மறுநாளே அந்த அணியின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்று மோதிரம் அணிந்த மூத்த பயிற்சியாளர் ஒருவர் வேலையில்லாமல் இருக்கும்போது அவரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுவானேன் என்று ஒரு தரப்பு கேட்கும். முப்பது வயதுத் தொழில்முறை வீரர்களோடு பழகியவருக்கு, காலையில் பொருளாதாரத் தேர்வு எழுதிவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் பத்தொன்பது வயதுப் பையனைப் பற்றி என்ன தெரியும் என்று மறு தரப்பு கேட்கும். இரு தரப்புக்கும் சான்று உண்டு என்பதால் இந்த வாதம் ஓய்வதே இல்லை.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேட்பாளர் தொழில்முறை உலகிலிருந்து வருகிறாரா, கல்லூரியிலிருந்து வருகிறாரா என்பது இரண்டாம் நிலைக் கேள்விதான். அவர் கொண்டுவரும் ஆட்டமொழியில் (அமைப்புகளுக்கும் உத்திகளுக்கும் வைத்த பெயர்களில்) எவ்வளவு பகுதி அந்த வீரர்களுக்கு ஏற்கெனவே பழக்கம், மீதியை அவர்களுக்குக் கிடைக்கும் சொற்ப நேரத்தில் அவரால் கற்றுத்தர முடியுமா என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. பெயர்களை வைத்து வாதிடுவதற்கு முன் அளவுகோல்களை வகுத்துக்கொண்டால் இது விளங்கும்.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நேரம். போட்டிப் பருவத்தில் கல்லூரி வீரர் ஒருவர் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுக்குச் செலவிடக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. உடற்பயிற்சி, காணொளி பார்த்தல், களப்பயிற்சி எல்லாமே அந்த 20 மணிக்குள் அடங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. வசந்தகாலப் பயிற்சிக்குக் கிடைப்பவை 15 அமர்வுகள். என்எஃப்எல் வீரருக்கோ ஆட்டமே முழுநேர வேலை. அங்கே பல ஆண்டுகளாகச் செதுக்கிய, நூற்றுக்கணக்கான அழைப்புகள் (களத்தில் சொல்லும் உத்திக் கட்டளைகள்) கொண்ட பிளேபுக் என்ற உத்திப் புத்தகம் ஒன்றை அப்படியே கல்லூரிக்குக் கொண்டுவருபவர், பத்துப் பக்கம் எழுத வேண்டிய தேர்வுக்கு நூறு பக்கப் பாடத்தை நடத்துகிறவர்போல ஆகிவிடுகிறார்.

இரண்டாவது அளவுகோல் ஆடுகளமும் விதிகளும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டும் ஒரே ஆட்டம் என்றே நினைக்கிறார்கள், ஆனால் தற்காப்பை வகுப்பவருக்கு இவை இரண்டும் பங்காளி வீடுகள் மாதிரி: முகச்சாயல் ஒன்று, நடைமுறை வேறு. பந்து வைக்கப்படும் இடத்தைக் குறிக்கும் ஹாஷ் கோடுகள் என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குல இடைவெளியில் இருக்கின்றன. கல்லூரிக் களத்தில் அந்த இடைவெளி 40 அடி. களத்தின் அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆகவே கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருக்கும்போது ஒருபுறம் 60 அடியும் மறுபுறம் 100 அடியும் திறந்து கிடக்கும். அந்த 100 அடியை யார் காப்பது என்பதே கல்லூரி ஆட்டங்கள் நடக்கும் சனிக்கிழமைகளின் தலைவலி. அடுத்து, பந்து முன்னோக்கி வீசப்படுவதற்குள் தாக்குதல் அணியின் முன்வரிசைத் தடுப்பாளர்களான லைன்மேன்கள் கல்லூரியில் 3 யார்டு (ஒரு யார்டு 3 அடி) வரை முன்னேறலாம். என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். இந்த இரண்டு யார்டு வித்தியாசத்தில்தான் ஓடுவதா வீசுவதா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆர்பிஓ என்ற கண்கட்டு வித்தை செழித்தது. லைன்மேன் ஓட்டத்துக்குத் தடுப்பதுபோல முன்னே பாய்வதைக் கண்டு, தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் இறங்கி வருவார். அவர் விட்டுவந்த இடத்துக்கே பந்து வீசப்படும்.

விதிகள் தற்காப்புக்குச் சாதகமாகவும் வேறுபடுகின்றன. கல்லூரியில் பாஸ் குறுக்கீட்டுத் தண்டனை (பந்தைப் பிடிக்க விடாமல் எதிராளியைத் தடுத்ததற்கானது) 15 யார்டுக்கு மேல் போகாது. என்எஃப்எல்லில் குற்றம் நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும் என்பதால் 40, 50 யார்டுகூடப் பறிபோகலாம். எதிராளி தன்னைத் தாண்டிப் போய்விட்டதைக் கண்ட கார்னர்பேக் (வீசிய பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களைக் காப்பவர்) கல்லூரியில் அவரை இழுத்துப் பிடித்துவிடுவது லாபக் கணக்காக இருக்கக்கூடும். இத்தகைய நுட்பங்களைப் புதிதாக வருபவர் முதல் ஆண்டிலேயே பழக்கமாக்கிக்கொள்வாரா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஆள்சேர்ப்பு. நான்காவது, எத்தனை ஆண்டு நிலைத்திருப்பார் என்பது. ஐந்தாவது, அவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பது: தலைமைப் பயிற்சியாளரின் தாக்குதல் பாணி என்ன, நிலைவாரிப் பயிற்சியாளர்கள் யார், ஏற்கெனவே உள்ள வீரர்கள் எந்தப் பாணிக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். பணத்தை நான் கடைசியில் வைக்கிறேன். பெரிய அணிகளில் இந்தப் பதவியின் ஊதியம் ஆண்டுக்கு 30 லட்சம் டாலரைத் தொடும் காலம் வந்துவிட்டதால், மூவரில் யாரை எடுத்தாலும் மலிவு என்று சொல்வதற்கில்லை.

## மூத்த என்எஃப்எல் பயிற்சியாளர்

இந்தத் தேர்வுக்கு எதிராக எப்போதும் நீட்டப்படும் சான்று மான்டி கிஃபின். டாம்பா பே அணியின் தற்காப்பை 1996 முதல் 2008 வரை நடத்தியவர். "டாம்பா 2" என்றே ஒரு பாணிக்குப் பெயர் வரக் காரணமானவர். 2003 ஜனவரி சூப்பர் பவுலில் ஓக்லண்டை 48–21 என்று அவருடைய அணி வீழ்த்தியபோது ஐந்து பாஸ்களை இடைமறித்தது, அவற்றில் மூன்று, எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து புள்ளி பெறும் டச் டவுன்களாக முடிந்தன. மகன் லேன் கிஃபின் கல்லூரித் தலைமைப் பயிற்சியாளரானதும் அவரோடு முதலில் டென்னசிக்கும், 2010இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமான யுஎஸ்சிக்கும் வந்தார். 2012இல் யுஎஸ்சி பருவத்தொடக்கத் தரவரிசையில் முதலிடத்தில் நின்றது. அந்த நவம்பரில் ஓரிகன் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கே வந்து 730 யார்டு குவித்து 62–51 என்று வென்றது. கென்ஜான் பார்னர் ஒருவரே 321 யார்டு ஓடினார். பருவம் 7–6 (வெற்றி–தோல்வி) என்று முடிந்தது, மான்டி கிஃபினும் பதவி விலகினார்.

அன்று என்ன நடந்தது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். டாம்பா 2 பாணியில் இரண்டு சேஃப்டிகள் (பின்வரிசைக் காவலர்கள்) களத்தின் பின்பகுதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். நடு லைன்பேக்கர் ஸ்னாப் ஆனதும் (பந்து இயக்கப்பட்டதும்) பின்னோக்கி ஓடி இடைவெளியை நிரப்புவார். நான்கு தற்காப்பு லைன்மேன்கள் மட்டுமே பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை நெருக்குவார்கள். குவார்ட்டர்பேக் நின்ற இடத்திலிருந்து வீசுபவராக இருக்கும்வரை இது அழகான ஏற்பாடு. குவார்ட்டர்பேக்கே பந்தோடு ஓடக்கூடியவர் என்றால், ஓட்டத்தைத் தடுக்க முன்னால் நிற்க வேண்டிய ஆட்களில் ஒருவர் குறைந்துவிடுகிறார். போதாக்குறைக்கு ஓரிகன் ஒரு நகர்வு முடிந்த சில நொடிகளில் அடுத்ததைத் தொடங்கும். தாக்குதல் அணி ஆளை மாற்றாவிட்டால் தற்காப்பு அணிக்கும் ஆளை மாற்ற அவகாசம் தரப்படாது. மூச்சிரைக்கும் லைன்மேன் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பயிற்சியாளர் ஓரத்திலிருந்து காட்டும் சைகையை வீரர் படித்துத் திரும்புவதற்குள் பந்து நகர்ந்துவிடும். கிஃபினின் அறிவில் குறை இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்த அறிவு பதினைந்து நொடியில் சொல்லி முடிக்கக்கூடிய வடிவத்தில் இல்லை.

எதிர்த்தரப்பின் சான்று விக் ஃபாஞ்சியோ. 1980களின் நடுவிலிருந்து என்எஃப்எல்லிலேயே காலம் கழித்தவர், 2010இல் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா அழைத்து ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். அந்தப் பருவம் ஸ்டான்ஃபோர்டு 12–1. மூன்று ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடத் தரவில்லை. அந்த ஒரே தோல்வி யாரிடம் என்று பார்த்தால் அதே ஓரிகனிடம், 52–31. வேகத்துக்கும் ஓடும் குவார்ட்டர்பேக்குக்கும் எதிராக ஃபாஞ்சியோவும் சறுக்கினார் என்பதை அவரை மெச்சுபவர்கள் சொல்வதில்லை. ஓராண்டு முடிந்ததும் ஹார்பாவோடு சான் ஃபிரான்சிஸ்கோ 49ஆர்ஸ் அணிக்குக் கிளம்பிவிட்டார் என்பதும் கணக்கில் சேர வேண்டியது.

2024இலிருந்து நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. கல்லூரியின் உயர்மட்டப் பிரிவில் தற்காப்பு வீரர் ஒருவரின் தலைக்கவசத்தில் வானொலி அனுமதிக்கப்பட்டது. அடுத்த நகர்வுக்கான கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்வரை பயிற்சியாளர் பேசலாம். சைகை மொழியைப் புதிதாகக் கட்ட வேண்டிய சுமை என்எஃப்எல் மூத்தவருக்கு இப்போது இல்லை. அதே ஆண்டில் களத்தில் பயிற்சி தரக்கூடிய ஊழியர் எண்ணிக்கைக்கு இருந்த தடையும் தளர்ந்தது. வீடு வீடாகப் போய்ப் பதினேழு வயதுப் பையனின் அம்மாவிடம் பேசும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மூத்தவர் ஆட்டத்தை மட்டும் கவனிப்பது முன்பைவிட எளிது.

ஓஹியோ ஸ்டேட் 2025இல் மாட் பட்ரீசியாவை அமர்த்தியது இந்தப் புதிய சூழலில்தான். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியோடு மூன்று சூப்பர் பவுல் வென்றவர், டெட்ராய்ட் லயன்ஸ் தலைமைப் பயிற்சியாளராக 13–29–1 (கடைசி எண் சமநிலை) என்று சறுக்கியவர், கல்லூரி வேலையை விட்டு இருபது ஆண்டு ஆனவர். முந்தைய ஆண்டு சாம்பியன் அணியின் தற்காப்பில் பெரும்பாலோர் என்எஃப்எல் போய்விட்டிருந்த நிலையில், முதல் ஆட்டத்திலேயே தரவரிசையின் முதலிடத்தில் இருந்த டெக்சாஸை 14–7 என்று கட்டிப்போட்டார். அவருக்குக் கீழே தற்காப்பு லைனைப் பழக்கியவர் 2014 முதல் அங்கேயே இருந்த லாரி ஜான்சன், அதற்கு முன் பென் ஸ்டேட்டில் நீண்ட காலம் இருந்தவர். மூத்த என்எஃப்எல்காரரை அமர்த்தும் அணி இந்த இரண்டாவது பெயரையும் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் பட்ரீசியாவைக் காட்டி வாதிடுவது அரைச் சான்றுதான்.

இந்தத் தேர்வின் மறைமுகச் செலவு முதல் ஆறேழு வாரங்களில் தெரியும். பிளேபுக்கைச் சுருக்கி முடிப்பதற்குள் ஒன்றிரண்டு ஆட்டங்கள் கைநழுவும். இன்னொரு செலவு நாட்காட்டி. என்எஃப்எல் வேலைகள் ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் முடிவாகின்றன. அப்போது அழைப்பு வந்து அவர் கிளம்பினால், கல்லூரி அணி நல்ல வேட்பாளர்கள் எல்லாம் வேறிடம் போன பிறகு சந்தைக்குப் போகிறது.

## கல்லூரியிலேயே பழுத்தவர்

ஜிம் நோல்ஸ் இதற்குச் சிறந்த மாதிரி. டியூக், ஓக்லஹோமா ஸ்டேட் வழியாக 2022இல் ஓஹியோ ஸ்டேட்டுக்கு வந்தார். முதல் ஆண்டு மிச்சிகனிடம் சொந்தக் களத்தில் 45–23 என்று தோல்வி. நெடிய பாஸ்களையும் ஓட்டங்களையும் தடுக்க முடியாமல் போனதே பெருங்குறை. மூன்றாம் ஆண்டு, 2024இல், நாட்டிலேயே மிகக் குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்த தற்காப்பும் தேசிய சாம்பியன் பட்டமும். கல்லூரிக்காரரிடம் கிடைப்பது இந்த வளர்ச்சிக்கோடு: ஓடும் குவார்ட்டர்பேக், ஆர்பிஓ, வேகம் எல்லாம் அவருக்குத் தினசரிச் சோறு. தவறு எங்கே என்று தெரிந்துகொள்ள அவருக்குப் புது மொழி வேண்டியதில்லை.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, வெற்றி வந்ததும் விலை ஏறும். பட்டம் வென்ற கையோடு பென் ஸ்டேட் 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து நோல்ஸை அழைத்துக்கொண்டது. ஆனால் அதுவரை ஓர் ஆட்டமும் வெல்லாதிருந்த யுசிஎல்ஏ அணி 2025 அக்டோபரில் அதே பென் ஸ்டேட்டை 42–37 என்று வீழ்த்தியது. சில நாட்களில் தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினின் வேலையே போயிற்று. ஆள் அதே ஆள்தான். மூன்று ஆண்டில் விளைந்ததை விதைத்த முதல் பருவத்திலேயே எதிர்பார்த்ததில்தான் கோளாறு.

இரண்டாவது செலவு, அவருடைய பாணிக்கு ஒரு உச்சவரம்பு இருக்கலாம். மிச்சிகனில் 2016 முதல் 2020 வரை இருந்த டான் பிரவுன் ஆளுக்கு ஆள் காவலும் இடைவிடாத பிளிட்ஸும் (கூடுதல் ஆட்களை அனுப்பிக் குவார்ட்டர்பேக்கை நெருக்குவது) கொண்டு பெரும்பாலான அணிகளை மூச்சுத்திணற வைத்தார். தன் வீரர்களைவிட வேகமான ரிசீவர்கள் கொண்ட ஓஹியோ ஸ்டேட்டிடம் அதே பாணி 2018இல் 62 புள்ளிகளையும் 2019இல் 56 புள்ளிகளையும் கொடுத்தது. ஆண்டுக்கு ஓரிரண்டு ஆட்டங்களை வைத்தே மதிப்பிடப்படும் அணிக்கு இது சிறிய விஷயமில்லை.

## இளைய என்எஃப்எல் உதவியாளர்

ரசிகர் விவாதங்களில் இந்தத் தேர்வு கடைசியாகத்தான் பேசப்படும். பெயர் தெரியாதவர் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2021இல் மிச்சிகன் அமர்த்திய மைக் மெக்டொனால்ட் அப்போது 33 வயதுக்காரர், பால்டிமோர் ரேவன்ஸில் லைன்பேக்கர் பயிற்சியாளர். அந்த ஆண்டே ஓஹியோ ஸ்டேட்டை 42–27 என்று வென்றதில், அந்த அணியிடம் தொடர்ந்த எட்டு ஆட்டத் தோல்வி முடிவுக்கு வந்தது. அடுத்து வந்த ஜெஸ்ஸி மின்டரும் ரேவன்ஸ் பள்ளியில் பயின்று, இடையில் ஓராண்டு வேண்டர்பில்ட்டில் தற்காப்பை நடத்தியவர். 2023இல் 15–0 என்று தேசியப் பட்டம். என்எஃப்எல்லின் மாறுவேடக் காவல்களை (ஒன்றைக் காட்டி வேறொன்றைச் செய்யும் காவல் அமைப்புகளை) இவர்கள் கொண்டுவந்தார்கள், ஆனால் பெயர்களையும் அழைப்புகளையும் சுருக்கி, ஒரு சொல்லுக்கு ஒரு வேலை என்று ஆக்கிவிட்டார்கள்.

செலவு வெளிப்படையானது. மெக்டொனால்ட் ஒரே ஆண்டில் ரேவன்ஸுக்குத் திரும்பினார். மின்டர் இரண்டாண்டில், அப்போது மிச்சிகனின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஹார்பாவோடு என்எஃப்எல்லின் சார்ஜர்ஸுக்குப் போனார். ஏணியில் ஏறுபவர் நடுப்படியில் குடியிருக்கமாட்டார்.

## ஒரே களத்தில் மூன்று தேர்வுகளும்

மிச்சிகன் பதினாறு ஆண்டுகளில் இவை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டது. 2015இல் ஓராண்டு மட்டும் இருந்த டி.ஜே. டர்கினை விட்டுவிட்டு மற்றவர்களை வரிசையாக வைக்கிறேன்.

| ஒருங்கிணைப்பாளர் | தொடங்கிய ஆண்டு | முன் அனுபவம் | விளைவு |
|---|---|---|---|
| கிரெக் ராபின்சன் | 2009 | டென்வரில் இரண்டு சூப்பர் பவுல். இடையில் கல்லூரி வேலைகள் | 2010இல் ஆட்டத்துக்குச் சராசரி 35.2 புள்ளிகள் விட்டுக்கொடுத்தது |
| கிரெக் மாட்டிசன் | 2011 | ரேவன்ஸ் ஒருங்கிணைப்பாளர். அதற்கு முன் நீண்ட கல்லூரி வாழ்க்கை | முதல் ஆண்டிலேயே சராசரி 17.4 புள்ளிகள் மட்டும், அணி 11–2 |
| டான் பிரவுன் | 2016 | கல்லூரி | பெரும்பாலும் வலு. ஓஹியோ ஸ்டேட்டிடம் சரிவு |
| மைக் மெக்டொனால்ட் | 2021 | இளைய ரேவன்ஸ் உதவியாளர் | மாநாட்டுப் பட்டம் (அணி சேர்ந்துள்ள கல்லூரிக் குழுவின் பட்டம்); ஓராண்டில் விடைபெற்றார் |
| ஜெஸ்ஸி மின்டர் | 2022 | ரேவன்ஸ், பிறகு வேண்டர்பில்ட் | 2023 தேசியப் பட்டம் |
| விங்க் மார்ட்டின்டேல் | 2024 | ரேவன்ஸ், ஜயன்ட்ஸ் ஒருங்கிணைப்பாளர் | மெதுவான தொடக்கம், வலுவான முடிவு |

முதல் இரண்டு வரிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ராபின்சன், மாட்டிசன் இருவருமே என்எஃப்எல்லில் தற்காப்பை நடத்தியவர்கள். ஓராண்டு இடைவெளியில் ஏறத்தாழ அதே வீரர்களைக் கொண்டு ஆடியவர்கள். விளைவோ பாதிக்குப் பாதி. ராபின்சன் 4–3 அமைப்பில் (நான்கு லைன்மேன், மூன்று லைன்பேக்கர்) வளர்ந்தவர். தலைமைப் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகெஸுக்குப் பிடித்த 3–3–5 அமைப்பை (மூன்று லைன்மேன், மூன்று லைன்பேக்கர், ஐந்து பின்வரிசைக் காவலர்) 2010இல் அவர் நடத்த வேண்டியிருந்தது. நாதஸ்வர வித்வானை அழைத்துப் புல்லாங்குழலைக் கையில் கொடுத்த கதை. மாட்டிசனுக்குத் தன் விருப்பப்படி அமைக்க முழு உரிமை கிடைத்தது. தவிர அவர் 1990களில் இதே மிச்சிகனில் இதே பதவியில் இருந்தவர், 2006இல் தேசியப் பட்டம் வென்ற ஃபுளோரிடா அணியின் தற்காப்பில் பங்காளி. இரண்டு ஊரிலும் வீடு உள்ளவர்.

மார்ட்டின்டேலின் கதை இன்னும் நுட்பமானது. அவர் கடைசியாகக் கல்லூரியில் இருந்தது 2003இல், மேற்குக் கென்டக்கியில். ஆனால் மெக்டொனால்டும் மின்டரும் ரேவன்ஸில் அவர் காலத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதால், மிச்சிகன் வீரர்கள் மூன்று ஆண்டாகப் பேசிவந்த ஆட்டமொழி அவருடைய வீட்டு மொழியின் கிளைமொழிதான். அப்படியிருந்தும் 2024 செப்டம்பரில் டெக்சாஸ் 31–12 என்று வென்றபோது மூன்றாவது டவுன்களில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) பிளிட்ஸ் எட்டாமலே போனது. நவம்பர் இறுதியில் அதே தற்காப்பு கொலம்பஸில் ஓஹியோ ஸ்டேட்டை 77 ஓட்ட யார்டுக்குள் அடக்கி 13–10 என்று வென்றது. டிசம்பர் 31 அன்று அலபாமாவை 19–13 என்று வென்றது. கொலம்பஸில் லைனின் நடுவில் நின்ற மேசன் கிரஹாமும் கென்னத் கிரான்ட்டும் அடுத்த ஏப்ரலில் என்எஃப்எல் வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மார்ட்டின்டேல் அவர்களைப் புகுந்த வீட்டுச் சொத்தாகப் பெற்றார்.

## யாருக்கு எது

வீரர்கள் ஏற்கெனவே பழகிய பாணி தொடர வேண்டும், லைனில் வலு இருக்கிறது, ஆள்சேர்ப்பைத் தாங்கும் நிலைவாரிப் பயிற்சியாளர்கள் நிலையாக உள்ளனர், தலைமைப் பயிற்சியாளர் தாக்குதல் பக்கத்துக்காரர், தற்காப்பில் தலையிடமாட்டார்: இந்த நிலையில் மூத்த என்எஃப்எல் பயிற்சியாளரைத் தயங்காமல் அமர்த்தலாம். இளம் வயதில் சில ஆண்டுகளாவது கல்லூரியில் உழைத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ஃபாஞ்சியோவைப்போல அது இல்லாமலும் வெல்பவர் உண்டு, ஆனால் ஒரு ஃபாஞ்சியோவை நம்பித் திட்டம் போட முடியாது.

அணியே புதிதாகக் கட்டப்படுகிறது, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வீரர்கள் கல்லூரி மாறும் ஏற்பாடு) வழியே ஆண்டுக்கு இருபது பேர் மாறுகிறார்கள், மாநாட்டில் வேகமாக ஆடும் அணிகள் நிறைய என்றால் கல்லூரிக்காரரே மேல். ஆனால் குறைந்தது மூன்றாண்டு ஒப்பந்தமும், இடையில் கிளம்பினால் கட்ட வேண்டிய கணிசமான தொகையும் எழுதப்பட வேண்டும். தலைமைப் பயிற்சியாளரே தற்காப்பு நிபுணர், யார் போனாலும் பாணி தன் கையில் இருக்கும் என்றால் இளைய உதவியாளரை எடுக்கலாம், அடுத்தவரின் பெயரையும் அன்றே மேசை இழுப்பறையில் எழுதி வைத்துக்கொண்டு. உள்ளேயே இருப்பவரைப் பதவி உயர்த்துவது நான்காவது வழி. அது பெரும்பாலும் வீரர்கள் போர்ட்டலுக்குப் போகாமல் தடுக்கும் அவசரத்தில் எடுக்கப்படும் முடிவு என்பதால், மேற்சொன்ன மூன்றோடும் அதை ஒரே தராசில் நான் வைக்கவில்லை.

நேர்காணலில் என்னிடம் கேட்டால் மோதிரங்களைப் பற்றி ஒரு கேள்வியும் வைக்கமாட்டேன். இரண்டாம் ஆண்டு சேஃப்டி ஒருவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, வேட்பாளர் கையில் பலகைப் பேனாவைக் கொடுத்து, பந்து இடது ஹாஷில், அகன்ற புறத்தில் மூன்று ரிசீவர்கள், குவார்ட்டர்பேக் ஓடக்கூடியவர் என்று வரைந்து காட்டி, இதற்கு உங்கள் காவலைப் பத்து நிமிடத்தில் இவருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்பேன். பத்து நிமிடம் முடிந்ததும் பேனாவை வாங்கி அந்தப் பையனிடம் கொடுத்து, அவன் வரைவதைப் பார்ப்பேன்.